நியாயம் சொல்றவரை யார் உட்கார வெச்சது?

"ஏழை சொல் அம்பலம் ஏறாது"ன்னு நம்ம பெரியவங்க சொல்லி வெச்சிருக்காங்க. அம்பலம் என்றால் ஊர் கூடி வழக்குப் பேசும் இடம். ராஜாக்கள் போட்ட சண்டையையும் கட்டிய கோயிலையும் பள்ளிக்கூடத்தில் படித்தோம். வரப்புத் தகராறு, தறிக்கு வாங்கின முன்பணம், கலியாணத்துக்குப் போட்ட நகை, புருசன் விட்டுட்டுப் போனபின் பிள்ளைகளின் சோத்துக்கு வழி என்று நம் வாழ்க்கையைத் தொடுகிற வழக்குகளுக்குத் தீர்ப்புச் சொன்னவர் யார், அவரை அந்த இடத்தில் உட்கார வைத்தவர் யார் என்பதை யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை. அந்தச் சரித்திரத்தை நம் கூட்டமைப்பு மலரில் கொஞ்சம் பேசுவோம்.

படிக்கும்போது நாலு கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நியாயம் சொல்றவரை யார் உட்கார வெச்சது? அவர் யாருக்குக் கணக்குச் சொல்லணும்? அவர் தப்பாச் சொல்லிட்டா மேலே எங்கே போறது? நம்மில் ஒருத்தி அந்த இடத்தில் உட்கார முடியுமா? ஆயிரம் வருஷத்துக்கும் மேற்பட்ட கதை இது. ஒவ்வொரு காலத்திலும் இந்த நாலில் ஒன்றிரண்டுக்குத்தான் நல்ல பதில் கிடைத்திருக்கிறது.

பானைக்குள் போட்ட ஓலை

காஞ்சிபுரம் மாவட்டத்தில் உத்திரமேரூர் என்று ஓர் ஊர். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று கி.பி. 919, இன்னொன்று கி.பி. 921. ஊர்க் காரியங்களைப் பார்க்கும் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுப்பது எப்படி என்ற விதிகளைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். இதைத்தான் குடவோலை முறை என்கிறோம்.

ஊரை 30 குடும்புகளாகப் பிரித்தார்கள். குடும்பு என்றால் இன்றைய வார்டு மாதிரி. ஒவ்வொரு குடும்பிலும் தகுதி உள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் கட்டாகக் கட்டிக் குடத்தில் போட்டார்கள். சிறியவர் பெரியவர் எல்லாரும் கூடியிருக்க, குடத்துக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாத ஒரு சின்னப் பையனைக் கூப்பிட்டு ஓலையை எடுக்கச் சொன்னார்கள். அதை வாங்குகிற மத்தியஸ்தர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். கைக்குள் வேறு ஓலையை மறைத்து மாற்றிவிடக் கூடாது அல்லவா, அதற்காக! பிறகு அவர் பெயரை உரக்கப் படிப்பார். கூடியிருக்கும் மற்றவர்களும் அதையே படிப்பார்கள்.

இது ஓட்டுப் போடுவது கிடையாது. நாம் குலுக்கல் சீட்டில் பெயர் எடுப்போமே, அந்த மாதிரி. இப்படி வந்த 30 பேரில் 12 பேர் சம்வத்சர வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். பதவிக் காலம் 360 நாள். அதே கல்வெட்டில் நியாயம் பார்க்கும் வாரியத்தைப் பற்றியும் குறிப்பு இருக்கிறது. சோழர் காலச் சபைகள் ஊர் வழக்குகளை விசாரித்து அபராதமும் விதித்தன. ஏரியைப் பார்த்த ஊர்ச் சபைதான் வழக்கையும் பார்த்தது.

நம்ம குழுக்களுக்கு ரொம்பப் பழக்கமான மூன்று விதிகள் அந்தக் கல்வெட்டில் உண்டு. வாரியத்தில் இருந்தவர் அடுத்த மூன்று வருஷத்துக்குத் திரும்ப வர முடியாது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் வரவே முடியாது. அவர் மட்டுமா? அவருடைய சித்தி மகன், பெரியம்மா மகன், மாமனார், மைத்துனர் என்று உறவுமுறை சொல்லிச் சொல்லி ஒவ்வொருவரையும் தள்ளி வைத்திருக்கிறார்கள். பதவியில் இருக்கும்போது குற்றம் செய்தவர் உடனே நீக்கப்படுவார். 919-ல் போட்ட விதியில் வயது 30-க்கு மேல் 60-க்குள் என்று இருந்தது. இரண்டே வருஷத்தில் அதை 35-க்கு மேல் 70-க்குள் என்று மாற்றினார்கள். எழுதின விதி சரிப்படவில்லை என்றால் கூடிப் பேசித் திருத்தும் பழக்கமும் இருந்திருக்கிறது.

இவ்வளவு பெருமை பேசும்போது மறுபக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். உத்திரமேரூர் ஒரு பிராமண ஊர். சொந்தமாகக் கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் படிப்பு இருந்தால்தான் பெயர் ஓலையில் ஏறும். அந்த நிலத்தில் நாற்று நட்ட பெண்ணின் பெயரோ, ஏர் ஓட்டிய ஆளின் பெயரோ குடத்துக்குள் போகவே வழியில்லை. கணக்குச் சொல்லணும் என்ற கேள்விக்கு அருமையான பதில். நம்மில் ஒருத்தி உட்கார முடியுமா என்றால், கிடையாது.

மணியகாரர் முன்சீப் ஆன கதை

இப்போது நம்ம சேலத்துப் பக்கம் வருவோம். 1792-ல் திப்பு சுல்தானோடு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் செய்த உடன்படிக்கையில் பாராமகாலும் சேலமும் கம்பெனி கைக்குப் போயின. இங்கே வரி வசூலைச் சீர்படுத்த வந்த அலெக்சாண்டர் ரீடுக்கு உதவியாளராக இருந்தவர் தாமஸ் மன்றோ. 1799 வரைக்கும் இந்தப் பக்கத்து ஊர்களில் சுற்றி, நிலத்தை அளந்து, குடியானவர்களோடு பேசிப் பழகியவர் அவர். பிறகு 1820 முதல் 1827 வரை சென்னை கவர்னராக இருந்தார்.

கம்பெனி 1802 வாக்கில் ஜில்லா கோர்ட்டுகளை ஏற்படுத்தியது. அஞ்சு ரூபாய் தகராறுக்கு மாட்டு வண்டி கட்டி நாள்கணக்கில் போய்க் காத்துக் கிடக்க வேண்டிய நிலைமை. ஊருக்குள்ளேயே சின்ன வழக்குகளைத் தீர்க்க வழி வேண்டும் என்று மன்றோ சொன்னார். அவர் தலைமையில் நடந்த விசாரணைக்குப் பிறகு 1816-ல் புதுச் சட்டங்கள் வந்தன. ஊர்த் தலைவர் கிராம முன்சீப் ஆனார். 10 ரூபாய் வரைக்குமான வழக்குகளை அவர் விசாரிக்கலாம். அதற்கு மேலே ஜில்லா முன்சீப். ஊரார் சிலரைச் சேர்த்துப் பஞ்சாயத்து வைத்துத் தீர்க்கவும் ஒரு சட்டம் போட்டார்கள். ஆனால் அந்தப் பஞ்சாயத்தை நாடிப் போனவர்கள் ரொம்பக் குறைவு.

கிராம முன்சீப் யார்? நம்ம பக்கத்தில் மணியகாரர் என்று சொல்வோமே, அவர்தான். வரி வசூலிக்கிறவரும் அவரே, வழக்குத் தீர்க்கிறவரும் அவரே. அப்பாவுக்குப் பிறகு மகன், மகனுக்குப் பிறகு பேரன் என்று பரம்பரையாக வந்த பதவி. ஊரார் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை, ஊராரால் அவரை மாற்றவும் முடியாது. இன்றைக்கும் பல ஊர்களில் 'மணியகாரர் வீடு', 'முன்சீப் வீடு' என்று அடையாளம் சொல்வதைக் கேட்கலாம். நல்ல மனுசர்களும் அந்தப் பதவியில் இருந்திருப்பார்கள். ஆனால் நல்ல மனுசர் அமைவது ஊரின் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தே இருந்தது.

அதே 1816-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்றில் இருந்த இன்னொரு விஷயம் நம் எல்லாருக்கும் தெரிய வேண்டும். திட்டுவது, லேசான அடிதடி போன்ற சின்னக் குற்றங்களுக்கு ஊர்த் தலைவர் ஓர் ஆளைச் சாவடியில் 12 மணி நேரம் வரை அடைத்து வைக்கலாம். குற்றம் செய்தவர் 'கீழ்சாதி' என்றால், சாவடிக்குப் பதிலாகத் தொழுமரத்தில் 6 மணி நேரம் வரை மாட்டி வைக்கலாம். கால்களை மரத்துளையில் பூட்டி ஊரார் பார்க்க உட்கார வைப்பதுதான் தொழுமரம். ஒரே குற்றத்துக்குச் சாதியைப் பார்த்து இரண்டு தண்டனை. சட்டப் புத்தகத்திலேயே இப்படி எழுதி வைத்தார்கள். அந்த மரத்தில் கால் மாட்டப்பட்டவரின் சொந்தபந்தம் யாராவது தீர்ப்புச் சொல்கிற இடத்தில் உட்கார்ந்திருந்தால் அப்படி ஒரு விதி எழுதப்பட்டிருக்குமா?

ஓட்டுப் போட்டு வந்த பஞ்சாயத்து கோர்ட்டு

1889-ல் சென்னை மாகாணத்துக்குக் கிராம நீதிமன்றச் சட்டம் வந்தது. அதிலும் முதலில் முன்சீப்தான் நீதிபதி. 1920-ல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, ஊரார் தேர்ந்தெடுத்த ஆட்கள் சேர்ந்து உட்காரும் பஞ்சாயத்து கோர்ட்டுக்கு வழி செய்தார்கள். ஓர் ஆள் சொல்வது போய் பல பேர் கூடிச் சொல்வது, பரம்பரை போய் தேர்தல் என்பது அன்றைக்குப் பெரிய மாற்றம்தான். சின்னக் கடன் வழக்குகளும் சில்லறைத் தகராறுகளும் ஊரிலேயே தீர வாய்ப்பு வந்தது.

ஆனால் 1920-ல் ஊரில் யார் கை ஓங்கியிருந்ததோ அவர்கள்தான் தேர்தலிலும் வந்தார்கள். கடன் கொடுத்தவரே நீதிபதி நாற்காலியிலும் உட்கார்ந்தால் கடன் வாங்கினவர் எப்படி வாயைத் திறப்பார்? சுதந்திரத்துக்குப் பிறகு இந்த ஊர்க் கோர்ட்டுகள் கொஞ்சம் கொஞ்சமாக மங்கிப் போயின. 1980 நவம்பரில் தமிழ்நாடு அரசு பரம்பரைக் கிராம அதிகாரிகளின் பதவிகளை ஒழித்தது. கிராம முன்சீபும் கர்ணமும் போய் கிராம நிர்வாக அலுவலர் வந்தார். அவருக்குத் தீர்ப்புச் சொல்லும் வேலை கிடையாது.

73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் ஊராட்சிகளுக்கு 29 துறைகளைப் பட்டியல் போட்டுக் கொடுத்தது. குடிநீர், ரோடு, பள்ளிக்கூடம், மகளிர் மேம்பாடு எல்லாம் அதில் உண்டு. நீதி வழங்குவது அந்தப் பட்டியலில் இல்லை. 1994-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின்படி நம் ஊராட்சித் தலைவர் வழக்கு விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் நீதிபதி கிடையாது. நம்மில் பலருக்கு இது தெரியாது. தலைவர் சமரசம் பேசலாம், அவ்வளவுதான்.

கடல் தாண்டிய கவுண்டிகள்

நீதிபதியையே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தால் எல்லாம் சரியாகிவிடுமா? இதைச் செய்து பார்த்த நாடு அமெரிக்கா. அங்கே மாநிலத்துக்குக் கீழே 'கவுண்டி' என்று ஒரு பிரிவு, நம்ம மாவட்டம் மாதிரி. (நம்ம ஊர்க்கவுண்டருக்கும் அதுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை!) பல மாநிலங்களில் கவுண்டி கோர்ட்டு நீதிபதிகளை மக்கள் ஓட்டுப் போட்டுத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். எல்லா நீதிபதிகளையும் தேர்தல் மூலம் கொண்டுவந்த முதல் மாநிலம் மிசிசிப்பி, 1832-ல். டெக்சாஸ் மாநிலத்தில் சின்ன வழக்குகளைப் பார்க்கும் 'அமைதி நீதிபதி' நாலு வருஷத்துக்கு ஒருமுறை தேர்தலில் நிற்கிறார். அவர் சட்டம் படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை.

இதனால் நல்லதும் நடந்தது. 1920 ஆகஸ்டில்தான் அமெரிக்கா முழுவதும் பெண்களுக்கு ஓட்டுரிமை கிடைத்தது. அதே வருஷம் நவம்பரில் ஒஹையோ மாநிலத்தில் கயஹோகா கவுண்டி கோர்ட்டுக்கு ஃபுளோரன்ஸ் ஆலன் என்ற பெண் வக்கீல் நீதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1922-ல் அந்த மாநிலத்தின் உச்ச நீதிமன்றத்துக்கே தேர்தலில் ஜெயித்துப் போனார். ஓட்டு கைக்கு வந்ததும் பெண்கள் என்ன செய்தார்கள் பாருங்கள்! நம்ம நாட்டில் முதல் பெண் நீதிபதி திருவிதாங்கூரின் அன்னா சாண்டி. 1937-ல் முன்சீபாக நியமிக்கப்பட்டார், 1959-ல் கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனார். இவர் நியமனம், அவர் தேர்தல். வழி வேறு, போய்ச் சேர்ந்த இடம் ஒன்று.

கெட்டதும் நடந்தது. 2004-ல் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் ஒரு நிலக்கரி கம்பெனியின் மேல் பெரிய நஷ்டஈட்டு வழக்கு மேல்முறையீட்டுக்குப் போக இருந்தது. அந்த நேரத்தில் கம்பெனித் தலைவர், மாநில உச்ச நீதிமன்றத் தேர்தலில் ஒரு வேட்பாளரை ஜெயிக்க வைக்கக் கிட்டத்தட்ட 30 லட்சம் டாலர் செலவு செய்தார். அந்த வேட்பாளர் ஜெயித்தார். அப்புறம் அதே வழக்கில் உட்கார்ந்து கம்பெனிப் பக்கம் தீர்ப்புச் சொன்னார். 2009-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அவர் அந்த வழக்கைத் தொட்டிருக்கவே கூடாது என்றது. வேலியே பயிரை மேய்ந்த கதைதான்.

மெக்சிகோவில் 2025 ஜூன் 1-ந் தேதி உச்ச நீதிமன்றம் உட்பட நீதிபதிகளுக்கு நாடு தழுவிய தேர்தல் நடந்தது. ஓட்டுப் போட வந்தவர்கள் 100-க்குச் சுமார் 13 பேர். சீட்டில் நிறையப் பெயர்கள், யார் எவர் என்று தெரியவில்லை. தெரியாதவருக்கு எப்படி ஓட்டுப் போடுவது என்று மக்கள் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள்.

நம்ம குழுவில் ஊக்குநரையும் பிரதிநிதியையும் தேர்ந்தெடுக்கும்போது இந்தச் சிக்கல் வருவதில்லை. 12 பேரோ 20 பேரோ, ஒருத்தருக்கொருத்தர் கை நாடி தெரியும். யார் கடனைச் சரியாகக் கட்டுவாங்க, யார் கூட்டத்துக்கு நேரத்துக்கு வருவாங்க, யார் வாயைக் கொடுத்தால் வாங்கிக் கட்டணும் எல்லாம் தெரியும். சின்ன இடத்தில் தேர்தலுக்கு இருக்கும் பலம் இதுதான். அதே சின்ன இடத்தில் பயமும் சாதியும் உறவும் சேர்ந்து வரும் என்பதும் நிஜம்.

பீகார் கிராமத்துக் கச்சேரி

நம்ம நாட்டிலேயே இன்றைக்கு ஊர் நீதிபதியை ஊரார் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் இடம் ஒன்று உண்டு, பீகார். அங்கே ஊராட்சிக்கு இரண்டு கை. ஒரு கை நிர்வாகம், அதன் தலைவர் பெயர் முகியா. இன்னொரு கை 'கிராம் கச்சஹரி', அதாவது கிராமக் கோர்ட்டு, அதன் தலைவர் பெயர் சர்பஞ்ச். சர்பஞ்சையும், சுமார் 500 பேருக்கு ஒருவர் வீதம் பஞ்சுகளையும் மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். 2006-ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி 2006, 2011, 2016, 2021 என்று தேர்தல் நடந்திருக்கிறது. ரோடு போடுகிறவர் கையில் தீர்ப்பு இல்லை. 1816-ல் மணியகாரர் கையில் இரண்டையும் கொடுத்தார்களே, அந்தத் தப்பு இங்கே இல்லை.

10,000 ரூபாய் வரைக்குமான சொத்து, பண வழக்குகளையும், சட்டம் பட்டியலிட்ட சின்னக் குற்றங்களையும் அந்தக் கோர்ட்டு விசாரிக்கலாம். 1,000 ரூபாய் வரை அபராதம் போடலாம். யாரையும் ஜெயிலுக்கு அனுப்ப முடியாது. முதலில் சமாதானம் செய்து வைக்கத்தான் பார்க்க வேண்டும். சட்டம் படித்த 'நியாய மித்ரா' ஒருவர் பக்கத்தில் இருந்து உதவுவார். தீர்ப்பு பிடிக்கவில்லை என்றால் மேலே அப்பீல் உண்டு.

அந்தச் சட்டத்தின் பெரிய விஷயம், பாதி இடம் பெண்களுக்கு என்பது. உள்ளாட்சியில் 50 சதவீதம் கொடுத்த முதல் மாநிலம் பீகார். கிராமக் கோர்ட்டிலும் அதே கணக்கு. தமிழ்நாட்டில் ஊராட்சிகளில் 50 சதவீதம் வந்தது 2016-ல் செய்த சட்டத் திருத்தத்தில்தான். சேலை கட்டிய பெண் உட்கார்ந்து வரப்புத் தகராறுக்குத் தீர்ப்புச் சொல்கிற காட்சி அங்கே பல ஊர்களில் சாதாரணம். ஜெயித்தது மனைவியாக இருந்தாலும் பேசுவது புருசன் என்கிற குறையும் அங்கே உண்டு. அதை நாம் இங்கேயும் பார்க்கிறோம், ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனாலும் நாற்காலி அவள் பெயரில் இருக்கிறது. இன்றைக்கு இல்லாவிட்டால் அடுத்த முறை அவளோ அவள் மகளோ அதில் நிமிர்ந்து உட்காருவாள்.

மத்திய அரசு 2008-ல் கிராம நியாயாலயச் சட்டம் போட்டது. 2009 அக்டோபர் 2 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அதில் நியாயாதிகாரி என்ற நீதிபதி ஊருக்கே வந்து விசாரிக்கலாம். ஆனால் அவர் தேர்தலில் வருகிறவர் இல்லை. உயர் நீதிமன்றத்தைக் கலந்துகொண்டு மாநில அரசு நியமிக்கிறவர்.

யாரும் தேர்ந்தெடுக்காத கோர்ட்டு

சட்டப்படியான ஊர்க் கோர்ட்டு இல்லாமல் போன இடத்தில் என்ன வந்தது? கட்டப்பஞ்சாயத்து வந்தது. முன்னே வைத்த நாலு கேள்வியையும் கட்டப்பஞ்சாயத்திடம் கேட்டுப் பாருங்கள். யார் உட்கார வெச்சது? பணமும் ஆள்பலமும் சாதியும். யாருக்குக் கணக்கு? யாருக்கும் இல்லை. அபராதமாக வாங்கின பணத்துக்கு ரசீதும் கிடையாது. மேலே எங்கே போறது? போனால் ஊரை விட்டுத் தள்ளி வைப்பார்கள், தண்ணீர் எடுக்க விடமாட்டார்கள், பேச்சுவார்த்தை கூடாது என்பார்கள். பெண் உட்கார முடியுமா? அவள் வழக்கையே அவள் பேச முடியாது, அண்ணனோ அப்பாவோ பேசணும். அவள் தள்ளி நின்று கேட்டுக்கொள்ளணும்.

2011 ஏப்ரல் 19-ல் உச்ச நீதிமன்றம் ஆறுமுகம் சேர்வை எதிர் தமிழ்நாடு அரசு என்ற வழக்கில் இதைப் பற்றித் தெளிவாகச் சொன்னது. கட்டப்பஞ்சாயத்துகள் முழுக்க முழுக்கச் சட்ட விரோதம், சாதி மாறிக் கலியாணம் செய்தவர்களைத் தண்டிக்க யாருக்கும் உரிமை இல்லை, இந்தக் கொடுமைகளைத் தடுக்கத் தவறுகிற அதிகாரிகள் மேல் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. கலெக்டரும் எஸ்.பி.யும்கூட அந்தப் பொறுப்பில் இருந்து தப்ப முடியாது. "ஊர்க் கட்டுப்பாடு" என்று யாராவது மிரட்டினால் இந்தத் தீர்ப்பைத் தைரியமாகச் சொல்லலாம்.

நமக்கு இருக்கிற அம்பலம்

சரி, நம்ம வெண்ணந்தூர் பக்கத்துப் பெண் ஒருத்திக்கு இன்று ஒரு வழக்கு என்றால் எங்கே போவாள்? ராசிபுரம் கோர்ட்டுக்குப் போகப் பயம், வக்கீலுக்குப் பணம் இல்லை, தறியை நிறுத்திவிட்டு நாள்கணக்கில் அலைய முடியாது. 1802-ல் மாட்டு வண்டி கட்டிப் போனவர்களின் கஷ்டம் முழுதாகத் தீரவில்லை. ஆனால் இப்போது சில வழிகள் சட்டத்தில் இருக்கின்றன.

சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1987-ல் இயற்றப்பட்டு 1995 நவம்பர் 9 முதல் நடைமுறையில் இருக்கிறது. அந்தச் சட்டத்தின் 12-ஆவது பிரிவுப்படி, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் எந்தப் பெண்ணுக்கும் இலவசமாக வக்கீல் கிடைக்க வேண்டும். கோர்ட்டு வளாகத்தில் இருக்கும் வட்டச் சட்டப் பணிகள் குழுவில் ஒரு மனு எழுதிக் கொடுத்தால் போதும். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம். வீட்டில் அடி உதை என்றால் 181-க்குக் கூப்பிடலாம். 2005-ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைச் சட்டத்தின்படி பாதுகாப்பு அலுவலரும் இருக்கிறார்.

லோக் அதாலத் என்கிற மக்கள் நீதிமன்றத்தில் இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்டால்தான் தீர்ப்பு. கோர்ட்டில் கட்டிய கட்டணமும் திரும்பக் கிடைக்கும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. அங்கே சம்மதித்துக் கையெழுத்துப் போட்ட தீர்ப்பின் மேல் அப்பீல் கிடையாது. அதனால் முழுசாகப் படித்துக் கேட்டு, புரியாததைத் திரும்பக் கேட்டு, நமக்குச் சம்மதம் என்றால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள். "கையெழுத்துப் போடும்மா, எல்லாம் பேசியாச்சு"ன்னு யார் அவசரப்படுத்தினாலும் சரி.

இப்போது நாலாவது கேள்வி. நம்மில் ஒருத்தி அங்கே உட்கார முடியுமா? முடியும். லோக் அதாலத் அமர்வில் நீதித்துறை அதிகாரியோடு சமூக சேவை செய்கிறவரும் உட்கார இடம் உண்டு. சட்டப் பணிகள் ஆணையம் பயிற்சி கொடுத்து நியமிக்கும் சட்டத் தன்னார்வலர்களாக யார் யார் வரலாம் என்ற பட்டியலில் சுய உதவிக் குழுப் பெண்களும் இருக்கிறார்கள். பெரிய படிப்பு தேவையில்லை. எழுதப் படிக்கத் தெரிந்து, அடுத்தவர் கஷ்டத்தைப் பொறுமையாகக் கேட்டு, மனு எழுத உதவி, கோர்ட்டு வரைக்கும் கூட வருகிற மனசு இருந்தால் போதும். நம் கூட்டமைப்பில் இந்தக் குணம் உள்ளவர்களுக்குப் பஞ்சமே இல்லை.

தமிழ்நாட்டில் சுய உதவிக் குழுத் திட்டம் 1989-ல் தர்மபுரியில் தொடங்கியது. அதற்கடுத்து வந்த மாவட்டங்களில் சேலமும் ஒன்று. அப்போது நாமெல்லாம் சேலம் மாவட்டம்தான், நாமக்கல் மாவட்டம் 1997 ஜனவரி 1-ல்தான் பிரிந்தது. இத்தனை வருஷத்தில் நாம் கற்றுக்கொண்டது கடன் வாங்கிக் கட்டுவது மட்டுமா? பொறுப்பாளர்களைத் தேர்ந்தெடுக்கிறோம், மாற்றுகிறோம். வரவு செலவைக் கூட்டத்தில் படிக்கிறோம். தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குகிறோம். கணக்குக் காட்டாதவரைக் கேள்வி கேட்கிறோம். 921-ல் ஓர் ஊர்ச் சபை கல்லில் வெட்டி வைத்ததை நாம் 40 பக்க நோட்டில் எழுதி வைத்திருக்கிறோம். அவர்கள் விட்டுவிட்ட பெயர்களோடு சேர்த்து எழுதி வைத்திருக்கிறோம் என்பதுதான் வித்தியாசம்.

நம் கூட்டமைப்பிலும் தகராறு வரும். குழுவுக்குள் கடன் தகராறு, இரண்டு குழுக்களுக்குள் மனத்தாங்கல் எல்லாம் வரும். அப்போது சமரசம் பேச ஒரு சிறு குழு வைத்துக்கொள்வது நல்லது. அதற்கும் அதே நாலு கேள்வியைப் போடுவோம். கூட்டத்தில் எல்லாரும் சேர்ந்து ஆளைத் தேர்ந்தெடுக்கட்டும். ஒரு வருஷத்தில் மாறட்டும். சொந்தக்காரர் வழக்கென்றால் அந்த உறுப்பினர் எழுந்து வெளியே போகட்டும். பேசினதைத் தீர்மான நோட்டில் எழுதட்டும். ஒத்துக்கொள்ளாதவர் வட்டார அளவிலான கூட்டமைப்புக்கோ சட்டப் பணிகள் குழுவுக்கோ போக வழி திறந்திருக்கட்டும். அடி, உதை, வரதட்சணை, குழந்தைத் திருமணம் போன்றவற்றை நாமே பேசி முடிக்கவே கூடாது, சட்டத்திடம்தான் கொண்டுபோக வேண்டும். இதை மீறினால் நாமும் இன்னொரு கட்டப்பஞ்சாயத்து ஆகிவிடுவோம்.

அடுத்த மாதக் கூட்டத்தில் ஒவ்வொரு ஊராட்சியில் இருந்தும் சட்டத் தன்னார்வலர் பயிற்சிக்கு இரண்டு பேர் பெயரைத் தேர்ந்தெடுத்து அனுப்பலாமா என்று பேசுங்கள். பெயரைக் கை தூக்கிச் சொன்னாலும் சரி, பானைக்குள் சீட்டுப் போட்டு எடுத்தாலும் சரி. ஏழை சொல் அம்பலம் ஏறணும் என்றால், அம்பலத்தில் நம்ம ஆள் ஒருத்தி உட்கார்ந்திருக்கணும்.